தங்கம் இருந்த இடத்தில் முடிச்சு

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குக் கேள்விதான் மூலதனம். நல்ல கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டு மணி நேரம் தானாக ஓடிவிடும். கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் கேட்ட கேள்வி இதுதான்: "உங்க வீட்டுல உடைஞ்சு போன, ஆனா தூக்கிப் போட மனசு வராத பொருள் என்ன?"

தாத்தாவின் ஓடாத கைக்கடிகாரம் என்றார் ஒருவர். பாடாத டேப் ரெக்கார்டர் என்றார் இன்னொருவர். பட்டர்வொர்த்திலிருந்து பேசிய ஓர் அம்மா, "அறுந்துபோன மணிமாலை ஒண்ணு, மைலோ டின்ல கெடக்கும்மா" என்றார். "எங்க வீட்டுலயும் அப்படி ஒரு டின் இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன்.

பேச்சுக்குச் சொன்னதல்ல. உண்மையிலேயே இருந்தது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய பில்களுக்குப் பின்னால். அதில் சிவப்பு மணிகள். சிறு வயதில் அதை ஆட்டி ஓசை எழுப்பி விளையாடியது நினைவில்லை. ஆனால் கல்லூரிக்குப் போன பிறகு எப்போதோ பார்த்த ஞாபகம் இருந்தது. "என்னம்மா இது?" என்று கேட்டதற்கு, "சும்மா பாசி" என்று அம்மா சொன்னதும் ஞாபகம் இருந்தது.

அந்த வார இறுதியில் டின்னை இறக்கினேன். எண்ணிப் பார்த்தேன். 31 மணிகள்.

பத்தர் கேட்ட கேள்வி

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மேக்ரமே என்ற முடிச்சுக் கலையின் மீது எனக்கு ஆசை வந்திருந்தது. ஊசி வேண்டாம், தறி வேண்டாம். நூலை விரல்களால் முடிந்து முடிந்தே பை பின்னலாம், பூந்தொட்டி தொங்கவிடலாம், மாலை செய்யலாம். ஜாலான் குர்துவாராவில் பழைய பேருந்து டிப்போவாக இருந்த ஹின் பஸ் டிப்போவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும். அங்கே ஒரு கடையில் முடிச்சு மாலைகள் தொங்கியதைப் பார்த்த நாளிலிருந்து, நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்குத் தகுந்த மணிகள் வீட்டிலேயே கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்தேன்.

கோர்ப்பதற்கு முன் என்ன மணி என்று தெரிந்துகொள்ளலாமே என்று லிட்டில் இந்தியாவில் ஒரு வயதான பத்தரிடம் கொண்டு போனேன். லென்சைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். 27 மணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "இது நல்ல பவளம்மா." மீதி நான்கை மறுபக்கம் தள்ளினார். "இது கண்ணாடி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். லென்சை என்னிடமே கொடுத்தார். பவளத்தின் மேல் நீளவாக்கில் மெல்லிய ரேகைகள் ஓடின. கண்ணாடி மணிக்குள் ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள் நின்றன.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். "ஓட்டைக்குப் பக்கத்துல பாருங்க, ரெண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி தேஞ்சிருக்கு. பவளம் பவளத்தோட ஒரசுனா இப்படிக் குழியாது. நடுவுல தங்கக் குண்டு இருந்திருக்கணும். அது எங்கே?"

எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொன்ன மூன்று வாக்கியம்

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"அது ஆயா மாலை. பவளமும் தங்கக் குண்டும் மாறி மாறி இருக்கும். நீ படிக்கப் போனப்ப வித்தேன்."

2007. எனக்கு ஊடகத்துறைப் படிப்புக்கு இடம் கிடைத்த ஆண்டு. அப்பா லோரி ஓட்டுநர். முதுகுவலியால் அந்த ஆண்டு பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. கல்விக் கடன் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். ஆனால் பதிவு செய்யும் அன்றே கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். "பணத்துக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்டபோது, "கூட்டு எடுத்துட்டேன்" என்றார் அம்மா. மாதாமாதம் கூட்டுப் பணம் கட்டுகிற வீடுதானே, நான் நம்பிவிட்டேன். பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"மாலையையே கொடுத்திருக்கலாமே, ஏன் பவளத்தை மட்டும் வச்சுக்கிட்டீங்க?"

"பவளத்துக்கு எடை போட மாட்டாங்க. நானே நூலை வெட்டி, குண்டை மட்டும் கொண்டு போனேன்."

அவ்வளவுதான். கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வாய் ஓயாமல் பேசுவது என் தொழில். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த ஊரின் கழுத்துகள்

அன்று முதல் லிட்டில் இந்தியா பக்கம் நடக்கும்போதெல்லாம் என் கண் கழுத்துகளுக்கே போனது. நகை என்றால் நாம் தங்கத்தைத்தான் பார்க்கிறோம். தாங்குவது நூல்.

குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கு வருகிற பெண்களின் கழுத்தில் மஞ்சள் சரடு. தாலி எத்தனை பவுனானாலும், கல்யாணத்தை முடித்துவைப்பது மூன்று முடிச்சுதான். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்த நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்குக் கழுத்திரு உண்டு. கழுத்தை நிறைக்கும் அத்தனை தங்க உருக்களையும் மஞ்சள் பூசித் திரித்த நூலில்தான் கோர்ப்பார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மணப்பெண்ணுக்குக் கருகமணி. சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரானக்கான் மாளிகைக்குப் போனால், நோன்யாப் பெண்கள் கடுகு மாதிரிச் சின்னஞ்சிறு மணிகளைத் தைத்துச் செய்த காலணிகளைப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன் மணித்தையல் தெரிந்திருப்பது அந்தக் காலத்து நோன்யாப் பெண்ணுக்குப் பெருமை.

எங்கள் டின்னில் இருந்த பவளத்துக்கும் பழைய பயணக் கதை உண்டு. நகைக்கு ஆகும் செம்பவளம் வெகுகாலமாக மத்தியதரைக் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. முதலாம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி, ரோமானியர்கள் இந்திய முத்தை எவ்வளவு மதிக்கிறார்களோ, அவ்வளவுக்கு இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். ஆயாவின் கழுத்துக்கு வந்தது எந்தக் கடல் பவளம் என்பது யாருக்குத் தெரியும்! ஆனால் அந்த ஆசை இரண்டாயிரம் வருடத்து ஆசை.

நான்கு கண்ணாடி மணிகளை நான் முதலில் மட்டமாக நினைத்தேன். பிறகு யோசித்தால், அதற்கும் நம் பக்கத்தில் வரலாறு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அந்த இடம் கண்ணாடி மணி செய்யும் தொழிலுக்குப் பேர் பெற்றது. அதே வகைச் சிறு கண்ணாடி மணிகள், பினாங்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. நம் ஆட்கள் கப்பல் ஏறி வருவதற்கு வெகுகாலம் முன்பே மணிகள் வந்துவிட்டன.

அம்மாவிடம் கேட்டேன். "நாலு மட்டும் கண்ணாடியாம், தெரியுமா?" தெரியும் என்றார். எஸ்டேட்டில் மரம் வெட்டும்போது ஆயாவின் மாலை ஒருமுறை அறுந்து, நாலு பவளம் புல்லில் போய்விட்டதாம். சம்பளம் வாங்கியதும் நாலு கண்ணாடி மணி வாங்கிக் கோர்த்துக்கொண்டாராம். இந்த மாலைக்கு ஓட்டை விழுவதும் அடைப்பதும் புதிதல்ல.

ஏன் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சு?

ஆயாவின் மாலை அறுந்தபோது மணிகள் சிதறியதற்குக் காரணம், அது ஒரே நூலில் வரிசையாகக் கோர்த்த மாலை. நூல் ஓரிடத்தில் இற்றால் எல்லாம் கொட்டும். மணிக்கு மணி முடிச்சு போட்டிருந்தால் ஒன்றோ இரண்டோதான் விழும். முத்துமாலை கோர்ப்பவர்கள் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சு போடுவதற்கும் இதுதான் காரணம். இன்னொரு லாபம், மணியும் மணியும் உரசாது. பவளம் கல் மாதிரித் தெரிந்தாலும் மிருதுவானது. சுண்ணாம்புச் சத்தால் ஆனது. உரசினால் தேயும். பத்தர் காட்டிய குழி அப்படி வந்ததுதான்.

எனவே முடிவு செய்தேன். தங்கக் குண்டு இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மூன்று மணி நேர மேக்ரமே வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய சீன அம்மையார். மேக்ரமே என்ற சொல்லுக்கு வேர் அரபு மொழியில் இருக்கிறது. துணியின் ஓரத்தில் தொங்கும் நூல்களை முடிந்து அழகு செய்வதிலிருந்து வந்தது. கடலோடிகள் நீண்ட பயணங்களில் பொழுது போகாமல் கயிற்றில் வித விதமாக முடிந்து, இறங்கும் துறைமுகங்களில் விற்றார்கள். கிளிஃபர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944இல் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. 1970களில் உலகமெங்கும் ஒரு மேக்ரமே அலை அடித்தது. அந்தக் காலத்து வரவேற்பறைப் படங்களைப் பார்த்தால் நூலில் தொங்கும் பூந்தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கும்.

வகுப்பறைச் சுவரில் சீனப் பெருநாளுக்கு மாட்டுகிற சிவப்பு முடிச்சு தொங்கியது. 'பன்சாங்' என்று பெயர்; தொடக்கமும் முடிவும் தெரியாத முடிச்சு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிக்குக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. நோட்டில் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்துக் காட்டினேன். ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "புள்ளிதான் மணி, கோடுதான் நூல். உங்களுக்கு இது முன்பே தெரியுமே!" என்றார் மலாயில். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செய்வது எப்படி?

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, என் அளவையே தருகிறேன். பின்பக்கம் கட்டும் இடத்தைச் சேர்க்காமல் சுமார் 50 செ.மீ. மாலை இது.

நூல்: அரை மி.மீ. தடிமனுள்ள நைலான் முடிச்சு நூல். தையல் சாமான் கடைகளில் சில வெள்ளிக்கு ஓர் உருண்டை கிடைக்கும். நடு நூல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1 மீட்டர். வேலை செய்யும் ஓர நூல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர். முடிச்சுதான் நூலைத் தின்னும். மாலையின் நீளத்தைப் போல் ஓர நூல் ஐந்து மடங்கு வேண்டும். குறைத்து வெட்டிவிட்டு நடுவில் அழாதீர்கள்.

தொடக்கம்: நான்கு நூலையும் சேர்த்து, நுனியில் 25 செ.மீ. விட்டு, பிறகு அவிழ்ப்பதற்கு ஏற்றபடி ஒரு தளர்ந்த முடிச்சு போடுங்கள். கிளிப் வைத்த அட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம். 2, 3 நடு நூல்கள். அவை சும்மா நிற்கும். வேலை எல்லாம் 1க்கும் 4க்கும்தான்.

சதுர முடிச்சு, முதல் பாதி: 1ஐ நடு நூல்களுக்கு மேலாக வலப்பக்கம் கொண்டுபோய் 4க்கு அடியில் விடுங்கள். 4ஐ நடு நூல்களுக்குப் பின்னால் இடப்பக்கம் கொண்டுவந்து, அங்கே 1 உண்டாக்கியிருக்கும் வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுங்கள். இரண்டையும் சமமாக இழுத்து இறுக்குங்கள்.

இரண்டாம் பாதி: இப்போது வலப்பக்கம் இருக்கும் நூலில் தொடங்குங்கள். அதை நடு நூல்களுக்கு மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், இட நூலுக்கு அடியில் விடுங்கள். இட நூல் பின்னால் போய் வலப்பக்க வளையத்துக்குள் மேலே வரட்டும். இறுக்குங்கள். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஒரு சதுர முடிச்சு.

மணி: முதல் 8 செ.மீ.க்கு முடிச்சாகவே போங்கள். பிறகு நடு நூல்கள் இரண்டிலும் சேர்த்து ஒரு மணியைக் கோருங்கள். ஓர நூல்கள் மணிக்கு இரு பக்கமும் வளைந்து வந்து, கீழே மறுபடி முடிச்சாகும். அப்படிச் செய்தால் மணி இரண்டு கைகளுக்குள் இருப்பது மாதிரி நிற்கும். மணிக்கு மணி இரண்டு சதுர முடிச்சு; என் நூலில் அது அரை செ.மீ. அளவு வந்தது. கடைசி மணிக்குப் பின் மறுபடியும் 8 செ.மீ. முடிச்சு.

முடிப்பு: இரு முனையிலும் ஓர நூல்களை ஒட்ட வெட்டி, லைட்டர் சூட்டில் நுனியை உருக்கி அழுத்துங்கள். நைலானுக்கு மட்டும்தான் இது. பருத்தி நூல் எரிந்துவிடும், அதற்குப் பசை வைக்க வேண்டும். பவளத்தைச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மீதமிருக்கும் நடு நூல்களை எதிர் எதிராக ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்து, தனியாக 30 செ.மீ. நூல் எடுத்து, அவற்றைச் சுற்றி ஐந்தாறு சதுர முடிச்சு போடுங்கள். இழுத்தால் ஓடும் முடிச்சு இது. கொக்கி வேண்டாம், மாலையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். நூல் நுனிகள் உருவிக்கொண்டு வராதபடி ஒவ்வொரு நுனியிலும் ஒரு கடைமுடிச்சு அவசியம்.

முதல் முறை செய்கிறவர்கள் மர மணி, கண்ணாடி மணியில் கைபழகுங்கள். புதிதாகப் பவளம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அது கடலில் ஆண்டுக்கு ஒரு மி.மீ. கூடத் தடிக்காத உயிரினம். வீட்டில் பழையது இருந்தால் போதும். அதற்கும் எலுமிச்சைச் சாறு, வினிகர், வாசனைத் தெளிப்பு ஆகாது. கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

"இது ரிஜெக்ட்மா"

வகுப்பில் சரியாக வந்தது, வீட்டில் வரவில்லை. முதல் பத்து செ.மீ. தாண்டியபோது மாலை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. சரிசெய்யப் பார்த்தேன், மேலும் முறுக்கியது. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது ரிஜெக்ட்மா. ஒரே பக்கமாவே போட்டுக்கிட்டுப் போற. ஒருவாட்டி இந்தப் பக்கம், ஒருவாட்டி அந்தப் பக்கம் போட்டாத்தான் நேரா நிக்கும்."

உண்மைதான். இரண்டாம் பாதியை மறந்து முதல் பாதியையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். வகுப்புக்குப் போனவள் நான். போகாமலே கண்டுபிடித்தவர் அவர்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நான்தான் மறந்துவிட்டேன். அம்மா 1979இல், 18 வயதில், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியது. அதில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களில் எஸ்டேட்டிலிருந்து வந்த எங்கள் அம்மாவும் ஒருவர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை செபராங் பிறையிலிருந்து தினமும் ஃபெரி. வேலை, நுண்ணோக்கியில் குனிந்து, சில்லுக்கும் அதன் கால்களுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைப்பது. எட்டு மணி நேரமும் அதேதான். கோணலாக ஒரு கம்பி போனால் அது ரிஜெக்ட்.

வாழ்நாளில் பாதியைத் தங்கக் கம்பியோடு கழித்தவர். அதில் ஒரு பொட்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டில் இருந்த தங்கத்தையும் எனக்காகக் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. "அப்ப நீங்க போட்டுக் காட்டுங்க" என்று அட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். என் பத்து செ.மீ.யையும் ஊசி நுனியால் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு முதலிலிருந்து தொடங்கினார். வெள்ளிக்கிழமை தோறும் பூ கட்டும் கை அது. பூக்காம்பின் மேல் கண்ணி வீசி இறுக்குவதும் ஒருவகை முடிச்சுதானே. பத்தே நிமிடத்தில் என்னை முந்திவிட்டார். கண் பழையபடி தெரிவதில்லை. மணியின் துளையில் நூலை நுழைக்க மட்டும் நான் தேவைப்பட்டேன். நூல் நுனியில் கொஞ்சம் நகப்பூச்சு தடவிக் காயவிட்டால் ஊசி மாதிரி விறைத்து நிற்கும். நான் கோர்க்க, அவர் முடிய, நான்கு இரவுகள் போயின.

அந்த நான்கு இரவுகளில் நான் கேட்ட கதைகள் எத்தனையோ. ஷிஃப்ட் முடிந்து ஃபெரியில் நின்றுகொண்டே தூங்கியது, முதல் சம்பளத்தில் ஆயாவுக்குச் சேலை வாங்கியது, அந்த மாலையை அம்மாவின் கல்யாணத்தன்று ஆயா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது. ஒலிவாங்கி முன்னால் எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறேன். என் அம்மாவைப் பேச வைக்க, இரண்டு பேர் கைக்கும் ஒரு வேலை தேவைப்பட்டிருக்கிறது.

போடுவாரா?

மாலை முடிந்தது. 27 பவளம், நடுநடுவே ஆயாவின் 4 கண்ணாடி, எல்லாவற்றுக்கும் இடையில் மஞ்சள் நிற நூலில் முடிச்சு. நூலின் நிறம் அம்மா தேர்ந்தெடுத்தது. ஆனால் செய்து முடித்ததும் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

எனக்கு உறுத்தியது. சொந்தக்காரர்கள் பழைய மாலையைப் பார்த்தவர்கள். தங்கக் குண்டு எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று நினைக்கிறாரா? தங்க விலை எங்கேயோ போய்விட்டது என்றாலும், நான் இப்போது சம்பாதிக்கிறவள். துணிந்து கேட்டேன். "அம்மா, கொஞ்சம் கொஞ்சமா குண்டு வாங்கித் தரேன். பழையபடியே கோர்த்துடலாமா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்கு? ரோட்டுல மோட்டார்ல வந்து அறுத்துக்கிட்டுப் போறதுக்கா? தங்கம் இருந்தப்பவே பயந்து பயந்து நாலு கல்யாணத்துக்குத்தான் போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தங்கம் போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு. அதத் திருப்பி வாங்கித் தரேன்னு இனிமே சொல்லாத" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தைப்பூசத்தன்று விடியற்காலை தண்ணீர்மலைக்குக் கிளம்பினோம். அறையிலிருந்து "இங்க வா" என்று கூப்பிட்டார். போனேன். அந்த மாலையைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். "பின்னால இழு. ரொம்ப இறுக்காத."

ஓடும் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். சரியான இடத்தில் நின்றது.

கோயில் வழியில் பெரியம்மா ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, இது அத்தை மாலைதானே? குண்டெல்லாம் எங்கே?" நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையை நீட்டி என்னைக் காட்டினார். "தோ, நடந்து வருதே." பெரியம்மாவுக்குப் புரியவில்லை. நான் கூட்டத்தைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலும் ஒரு டின் இருக்கக்கூடும். மைலோவோ, பிஸ்கட்டோ. உள்ளே நாலு மணி, ஒற்றைத் தோடு, அறுந்த சரடு ஏதாவது கிடக்கும். இந்த வாரம் இறக்கிப் பாருங்கள். கடைக்குக் கொண்டு போவதற்கு முன், அதை வைத்தவரிடமே கொண்டு போய்க் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், கையில் கொஞ்சம் நூலைக் கொடுத்து எதிரில் உட்காருங்கள்.